மதுரை மல்லிக்குக் கவாத்து

மதுரை மல்லியைக் கவாத்து செய்ய, அதாவது கிளைகளை வெட்டிவிட, நவம்பர் கடைசி வாரம்தான் ஏற்ற நேரம். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் குளிர்கால விலையை நம்பிச் சிலர் தள்ளிப்போடுகிறார்கள். அப்படிச் செய்தால் பங்குனி, சித்திரையில் குவியவேண்டிய மொட்டு பிந்திவிடும்.

வெட்டுமுன் தண்ணீரை நிறுத்தி மண்ணைக் காயவிடுங்கள். தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில், கூரான கத்தரியால் வெட்டவும். மழுங்கிய அரிவாள் வேண்டவே வேண்டாம்; தண்டு நசுங்கினால் அங்கே பூஞ்சணம் ஏறி, கிளை நுனியிலிருந்து கருகும். நோய் கண்ட கிளைகளையும் எடுத்துவிட்டு, கழிவை வயலுக்கு வெளியே எரித்துவிடுங்கள்.

பிறகு சுற்றிலும் கொத்திவிட்டு, செடிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம். பச்சைச் சாணம் புழுவை அழைத்துவரும். ஒரு செடிக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 60, மணிச்சத்து 120, சாம்பல்சத்து 120 கிராம். இது சத்தின் எடை, உரத்தின் எடையல்ல. பலர் தவறுவது இங்கேதான். உரமாகக் கணக்கிட்டால் யூரியா 130, சூப்பர் பாஸ்பேட் 750, பொட்டாஷ் 200 கிராம். பாதியை இப்போது வைத்து உடனே தண்ணீர் கட்டுங்கள், மீதி ஜூன்-ஜூலையில்.

துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மண்ணில் இது சகஜம். ஃபெரஸ் சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, பச்சை திரும்பும்வரை சில வார இடைவெளியில் தெளிக்கவும்.