கொழும்பு வெயிலில் வீட்டுத்தோட்டம்: செடியின் அடியைக் கூட்டாதீர்கள்

ஏப்ரல் முதல் கிழமையில் சூரியன் கொழும்புக்கு நேர் மேலே வந்துவிடும். அதற்கு முன்பே, மாசி பிறந்ததும் "கொச்சிக் கன்று வாடுது, என்ன செய்யிறது?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். புதிதாகத் தோட்டம் போட்டவர்கள், போன வருடம் மற்றவர்கள் விட்ட அதே பிழைகளைத்தான் விடுகிறார்கள். தண்ணீர் விட மறப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

செடியின் அடியைக் கூட்டி எரிப்பது

எனக்கு இன்னும் கோபம் வருவது இதில்தான். விடிந்ததும் ஈர்க்குமாற்றை எடுத்து, முற்றத்தோடு சேர்த்து மரத்தடியையும் வெறும் மண் தெரியக் கூட்டி, மூலையில் குவித்து நெருப்பு வைக்கிறார்கள். முற்றம் துப்புரவாக இருக்கட்டும். மரத்தடியை அதன்பாட்டில் விடுங்கள்.

வெள்ளவத்தையில் தெரிந்த அக்கா ஒருவரின் தேசி மரம் பிஞ்சாகவே கொட்டிக்கொண்டிருந்தது. மருந்து, பசளை என்று கடைக்குக் கொடுத்த காசு கொஞ்சமில்லை. போய்ப் பார்த்தால் அடிமண் சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடக்கிறது. விரலை ஊன்றினால் நகம்கூட இறங்கவில்லை. பைப்பைத் திறந்தால் தண்ணீர் மதிலோரமாக ஓடிப்போய்க் கானுக்குள் விழுகிறது. கரண்டியால் கிண்டினால் ஓர் அங்குலத்துக்குக் கீழே வெறும் தூள்.

"இலையை ஏன் அக்கா கூட்டுறீங்கள்?"

"குப்பையாக் கிடந்தா சனம் என்ன நினைக்கும், தம்பி?"

தேசிக்குச் சாப்பாடு எடுக்கும் வேர்கள் மேல்மண்ணில்தான் பரவி இருக்கும். மூடாக்கு, அதாவது மண்ணை மூடிக் கிடக்கும் காய்ந்த இலை, இல்லாவிட்டால் வெயில் முதலில் சுடுவது அவற்றைத்தான். அப்புறம் பின்னேரத்து இடிமழை வந்து வெறும் மண்ணை அடித்து இறுக்கும், சேற்றை இலைகளில் தெறிக்கும், அதோடு நோயும் ஏறும். இலையை எரித்தால் அதிலுள்ள நைதரசனும் புகையோடு போய்விடும். பிறகு அதையே காசு கொடுத்து வாங்குகிறோம்!

செய்ய வேண்டியது சுலபம். முதலில் மண் நன்றாக நனையத் தண்ணீர் விடுங்கள். அதன்மேல் இரண்டு மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த இலையைப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி கட்டாயம், இல்லாவிட்டால் தண்டு அழுகும். தேங்காய் உரிமட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. குழிந்த பக்கம் நிலத்தைப் பார்க்க வையுங்கள், மேலே பார்த்தால் தண்ணீர் தேங்கும். அக்காவின் மரத்துக்கும் இதைத்தான் செய்தோம். பிஞ்சு கொட்டுவது குறைந்தது. அதற்கு முன் கொட்டியவை கொட்டியவைதான்.

மதியம் வாடினால் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுவது

உச்சி வெயிலில் வேர் இழுப்பதைவிட இலை இழப்பது கூட, அதனால் தலை தொங்கும். பின்னேரம் நிமிர்ந்தால் பேசாமல் விடுங்கள். காலையிலும் தொங்கினால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தும் வாடினால் வேரில்தான் கோளாறு, இன்னும் ஊற்றினால் அது சாகும்.

காய்ந்த மண்ணில் யூரியா

போடவே வேண்டாம். 46 சதவீதம் நைதரசன், வேரைக் கருக்கிவிடும்.

பூச்சாடித் தட்டில் தண்ணீர்

டெங்கு நுளம்பு. தட்டை எடுத்துவிடுங்கள்.

காலையில் நாற்று நடுவது

நட்ட கையோடு முழுப்பகல் வெயிலைத் தாங்க அதற்கு வேர் பிடித்திருக்காது. பின்னேரம் நடுங்கள். மேற்குப் பக்கம் ஒரு தென்னோலைத் துண்டைச் சரித்துக் குத்திவிட்டு, புதுத்தளிர் வந்ததும் எடுங்கள்.