பழைய மோட்டார்ஹோம் வாங்கும் முன்: முதலில் தேட வேண்டியது ஓதம்

அமெரிக்காவில் பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு வீடு போலக் கட்டிய வண்டி) பார்க்கப் போகிறவர்கள் மைல் கணக்கைப் பார்த்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, மனம் நிறைந்துவிடுகிறார்கள். இந்த வண்டிகளை அழிப்பது பெரும்பாலும் எஞ்சின் கோளாறு அல்ல, கூரை வழியே இறங்கும் மழைநீர். சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் மக்கிவிட்டால், பழுதுபார்க்கும் செலவு வண்டி விலையையே எட்டிவிடும். சந்தையில் அதிகம் கிடைக்கும் சி வகை வண்டியை (வேன் முன்பகுதியோடு, ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை உள்ளது), அதிலும் ஃபோர்டு இ-450 சேஸியில் (அடிச்சட்டத்தில்) கட்டியதை, மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

பரிசோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். வீட்டுப் பகுதிக்கு ஒரு ஆர்.வி. (மோட்டார்ஹோம் போன்ற வீட்டு வண்டி) இன்ஸ்பெக்டர், தேசிய ஆர்.வி. இன்ஸ்பெக்டர்கள் சங்கத்தின் சான்று பெற்றவராகத் தேடலாம். எஞ்சின், பிரேக், சேஸிக்குக் கனரக வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக். விற்பவர் கைகாட்டும் ஆளை வைத்துக்கொள்ளாதீர்கள். கூலி கொடுப்பது நீங்களாக இருக்க வேண்டும். முழுமையாகப் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரு நாள் பிடிக்கும். நீங்களும் கூடவே இருங்கள்.

விற்பவரிடம் முந்தின நாளே சில விஷயங்களைச் சொல்லிவைக்க வேண்டும். ஃப்ரிட்ஜை அன்றே ஓடவிட வேண்டும். அது குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும். தண்ணீர்த் தொட்டியிலும், அடுப்பு, ஃப்ரிட்ஜுக்கான எரிவாயுவான புரொப்பேன் தொட்டியிலும் இருப்பு வேண்டும். பெட்ரோல் கால் தொட்டிக்கு மேல் இருக்க வேண்டும், ஏனென்றால் அதற்குக் கீழே போனால் ஜெனரேட்டருக்கு எரிபொருள் ஏறாதபடிதான் குழாயை வைத்திருக்கிறார்கள். காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. குளிர்காலத்துக்காகக் குழாய்களில் உறைவுத் தடுப்புத் திரவம் விட்டிருந்தால் தண்ணீர் அமைப்பைச் சோதிக்கவே முடியாது. அப்போது வசந்தம் வரை பொறுங்கள், அல்லது அந்த ஆபத்தை விலையில் கழித்துக் கேளுங்கள்.

கூரையில் ஏறி நடந்து பார்ப்பது இன்ஸ்பெக்டரின் முதல் வேலை. காலுக்கடியில் மெத்தென்று அமுங்கும் இடத்தில் பலகை மக்கியிருக்கிறது. காற்றுத் துளை மூடிகள், ஏசி, ஏணி, ஓரப் பட்டைகளைச் சுற்றி நீர் புகாமல் பூசிய சீலன்ட் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு மூலையில் மட்டும் புதுப்பூச்சு பளபளத்தால் ஏன் என்று கேளுங்கள். சி வகையில் அதிகம் ஒழுகும் இடம் ஓட்டுநர் தலைக்கு மேல் துருத்தி நிற்கும் படுக்கைப் பகுதி. மெத்தையைத் தூக்கி, அடிப்பலகையின் முன்மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளிச்சுவரைச் சாய்ந்த வெயிலில் ஓரமாக நின்று பார்த்தால், கண்ணாடியிழைத் தகடு உள்பலகையை விட்டுப் பிரிந்த இடம் கொப்புளம் போல் தெரியும்.

ஓதமானியை (சுவரின் ஈரத்தை அளக்கும் கருவி) வைத்து முதலில் காய்ந்த உள்சுவர் ஒன்றின் அளவை எடுத்துக்கொண்டு, ஜன்னல் ஓரம், மேல் மூலை, அலமாரியின் உட்பக்கம் எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட வேண்டும். ஊசியில்லாத மானி, பின்னால் அலுமினியச் சட்டம் இருந்தால் பொய்யாக உயரும். சந்தேகமான இடத்தில் ஊசி மானியை வைத்து உறுதி செய்யச் சொல்லுங்கள். புழுங்கிய வாடை, புதிதாக ஒட்டிய சுவர்த்தாள் இரண்டையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்லைடு-அவுட் (நிறுத்தியபின் வெளியே நீளும் அறைப் பகுதி) இருந்தால் முழுதாக வெளியே தள்ளி உள்ளே இழுத்து, அதன் தரையின் ஓரங்களை அழுத்திப் பார்க்க வேண்டும்.

புரொப்பேனுக்கு முகர்ந்து பார்ப்பது போதாது. வாயு அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டரை இணைத்து, தொட்டி வால்வை மூடி, அழுத்தத்தை 8 அங்குல நீர் அளவுக்கு இறக்கி 3 நிமிடம் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிவு. வாயுக் கசிவு அலாரத்துக்கும் காலாவதி உண்டு. கழற்றிப் பின்பக்கத் தேதியைப் பாருங்கள். ஃப்ரிட்ஜை மின்சாரத்தில் ஒரு முறை, வாயுவில் ஒரு முறை ஓட்ட வேண்டும். வெளிப்புற மூடியைத் திறந்தால் மஞ்சள் பொடியோ அம்மோனியா நெடியோ இருந்தால் குளிர்விக்கும் பகுதி போய்விட்டது, மாற்றுவது பெருஞ்செலவு.

எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் பம்பை ஓடவிடுங்கள். நின்ற பம்பு சில நிமிடம் கழித்துத் தானாகத் துடித்தால் எங்கோ சொட்டுகிறது. ஜெனரேட்டரை ஏசி ஓட, பாரத்தோடு அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். மிகக் குறைவான மணிக்கணக்கு நல்ல செய்தி அல்ல: ஓடாமல் கிடந்த பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகப் படிந்திருக்கும்.

டயரில் பள்ளக்கோடுகள் தேயாமல் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். டயரின் பக்கச்சுவரில் பொறித்த டி.ஓ.டி. எண்ணின் கடைசி 4 இலக்கங்கள் வயதைச் சொல்லும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பின்னச்சில் உள்பக்கம் இருக்கும் டயர்களையும் சேர்த்து ஆறையும் பாருங்கள்.

எஞ்சின் மூடியைத் தொட்டு, குளிர்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். 2019 வரை வந்த 6.8 லிட்டர் வி-10 எஞ்சினில் புகைபோக்கி மேனிஃபோல்டின் போல்ட்டுகள் துருப்பிடித்து முறியும். குளிரில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் அடங்கும் சத்தம் அதுதான். முன்கூட்டியே சூடேற்றி வைத்தால் உங்கள் காதுக்கு எட்டாது. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டும்போது, பிழைக் குறிகள் அண்மையில் அழிக்கப்பட்டனவா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அழித்திருந்தால் பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டும்.

எஞ்சின் ஆயில், கியர் ஆயில் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பினால் முடிவு வரச் சில நாள் ஆகும். ஆகவே முன்பணம் கொடுக்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்: பரிசோதனை அறிக்கையும் ஆயில் முடிவும் திருப்தியாக இல்லையென்றால், முன்பணம் முழுதும் திரும்ப வர வேண்டும்.