வாங்கை இறுக்கியபடி பாயைச் சுருட்டாதீர்கள்

கிரேக்கத்தின் அயோனியன் கடலில் கோடைக்காலத்தில் பாய்ப்படகு ஓட்டியவர்களுக்குத் தெரியும். காலையில் கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கும். மதியம் தாண்டியதும் வடமேற்கிலிருந்து ‘மாயிஸ்ட்ரோ’ காற்று கிளம்பும், பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும். அப்படி ஒரு மதியம், மெகனீசித் தீவிலிருந்து தெற்கு நோக்கி, இத்தாக்கா தீவின் கியோனித் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். நாற்பதடி வாடகைப் படகு. காற்று வந்துவிட்டதே என்று, பாய்மரத்துக்குள் சுருட்டியிருந்த பெரிய பாயை விரிக்கக் கயிற்றை இழுத்தோம். மூன்றில் ஒரு பங்கு வெளியே வந்தது, அப்படியே நின்றுவிட்டது. கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையான வின்ச்சில் நின்ற நண்பன், “இன்னும் ரெண்டு சுத்து போடட்டுமா மச்சான்?” என்றான். “போடு” என்றேன்.

அது இரண்டாவது தவறு. முதல் தவறை முந்தின நாள் சாயங்காலமே செய்து முடித்திருந்தேன்.

பாய்மரத்துக்குள்ளேயே சுருண்டுகொள்ளும் பாயில் சிக்கல் பெரும்பாலும் இப்படித்தான் வரும். தப்பு நடப்பது சுருட்டும்போது, மாட்டிக்கொள்வது அடுத்த முறை விரிக்கும்போது. இடையில் ஒரு ராத்திரி போய்விடுவதால் எதனால் வந்தது என்று யாருக்கும் பிடிபடாது. “இந்தச் சுருட்டுப் பாயே சனியன்” என்று திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் தேடிப் பார்த்தால் பல நேரம் வாங்கை இறுக்கிவிட்டு மறந்த நம் கைதான் காரணமாக இருக்கும்.

வாங் என்பது பாய்மரத்தின் அடியிலிருந்து பூமின் முன்பகுதிக்குச் சாய்வாகப் போகும் இழுப்பு. பூம் என்பது பாயின் அடிவிளிம்பை நீட்டிப் பிடிக்கும் கிடைத்தண்டு. அது மேலே எழும்பாமல் கீழே பிடித்து வைப்பது வாங்கின் வேலை. பிரிட்டனில் இதைக் கிக்கர் என்பார்கள். சின்னப் படகுகளில் வெறும் கப்பியும் கயிறும்தான். பெரிய படகுகளில் அதோடு ஒரு குழாயும் இருக்கும், பல படகுகளில் குழாய்க்குள் கேஸ் ஸ்பிரிங். கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கும் தண்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்தால் பூம் இறங்கும், விட்டால் ஸ்பிரிங் அதைத் தூக்கும்.

மேலே ஏற்றி இறக்கும் சாதாரணப் பாயில் வாங்குக்கு முக்கியமாக ஒரே வேலை, ஓடும்போது பாயின் வடிவத்தைப் பார்த்துக்கொள்வது. சுருட்டுப் பாயில் இரண்டாவது வேலையும் சேர்ந்துகொள்கிறது. பாய் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் பூம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பயிற்சி வகுப்பில் முதல் வேலையைத்தான் விழுந்து விழுந்து சொல்லித் தருகிறார்கள். இரண்டாவதைப் படகை ஒப்படைக்கிற ஆள் போகிற போக்கில் சொல்வார். நாம் அப்போது குளிர்சாதனப் பெட்டியில் என்னென்ன அடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்போம்.

கோரைப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள்

தமிழில் படுக்கிறதும் பாய், படகில் கட்டுகிறதும் பாய். இந்த இடத்தில் அது வசதியாகப் போயிற்று. கோரைப்பாயைச் சுருட்டும்போது ஒரு கை இறுக்கியும் மறு கை தளர்த்தியும் பிடித்தால் என்ன ஆகும்? ஒரு முனை ஒல்லியாக, மறு முனை கொழகொழவென்று, கூம்பு மாதிரி வரும். படுக்கைப்பாய் என்றால் உதறிவிட்டு மறுபடி சுருட்டலாம். பாய்மரத்துக்குள் இருக்கும் இடமோ குறுகலானது. வெளியே வர ஒரே வழி, பின்பக்கத்தில் நெடுகப் போகும் மெல்லிய பிளவு. கொழகொழவென்ற பக்கத்தில் விழுந்த மடிப்பு அந்தப் பிளவில் வந்து ஆப்பு மாதிரி இறுகிவிடும்.

அந்த இரண்டு கைகளாக இருப்பவை பாயின் பின்விளிம்பும் அடிவிளிம்பும். வாங் இறுக்கமாக இருந்தால் பூமின் வால் இறங்கும். பின்விளிம்பு விறைக்கும், அடிவிளிம்பு தொய்யும். சுருள் மேலே இறுகியும் கீழே தொளதொளவென்றும் வரும். பூம் ரொம்ப மேலே போனால் இதற்கு நேர்மாறு. அடிவிளிம்பு இழுபடும், பின்விளிம்பு தொங்கும், மேல்பாதி பையாக உள்ளே போகும். இரண்டு விளிம்பும் ஏறக்குறைய ஒரே இழுப்பில் இருக்கும் கோணம்தான் நமக்கு வேண்டியது. பெரும்பாலான படகுகளில் அது பாய்மரத்துக்குச் செங்குத்தாக, அல்லது பூமின் வால் ஒரு பொடி மேலே தூக்கினாற்போல் இருக்கும். பழைய பாயில் பின்விளிம்பு இழுபட்டு நீண்டிருந்தால் பூமைக் கொஞ்சம் இறக்க வேண்டி வரும். ஆகவே பக்கத்துப் படகின் கோணத்தைப் பார்த்து நம் படகில் வைக்காதீர்கள்.

எங்கள் கதையில் நடந்தது இதுதான். முந்தின நாள் பின்காற்றில் வந்ததால் வாங்கை நன்றாக இறுக்கியிருந்தேன். துறைமுகத்தில் இடம் போய்விடுமே என்ற அவசரத்தில், அதைத் தொடாமலே பாயை உள்ளே இழுத்தோம். மூன்று நிமிடத்தில் முடிந்தது, அழகாகத்தான் தெரிந்தது. உள்ளே கூம்பு உட்கார்ந்திருந்தது யாருக்குத் தெரியும்?

‘வாங்கை விடு’ என்றால் எவ்வளவு விடுவது?

ஒருமுறை பட்டவர்கள் அடுத்த தவறுக்குத் தாவுவார்கள். சுருட்டுவதற்கு முன் வாங் கயிற்றை முழுசாக அவிழ்த்து விட்டுவிடுவார்கள். ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தால் பூம் ஜம்மென்று மேலே போய், தேவையான கோணத்தைத் தாண்டி நிற்கும். இறுக்கத்தில் வந்த கூம்பு தலைகீழாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்பிரிங் வயதாகிச் செத்திருந்தால் கதை வேறு. கயிற்றை விட்டாலும் பூம் எழும்பாது, தன் கனத்திலேயே தொங்கும். பல சீசன் ஓடிய வாடகைப் படகுகளில் இதைப் பார்க்கலாம். அப்போது டாப்பிங் லிஃப்ட், அதாவது பாய்மரத்தின் உச்சியிலிருந்து பூமின் வாலைத் தாங்கும் கயிறு, அதைப் பிடித்துத்தான் கோணத்தைக் கொண்டுவர வேண்டும். படகை வாடகைக்கு எடுத்த அன்றே பூமின் வாலைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஸ்பிரிங்குக்கு உயிர் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

சரியான கோணத்தைக் கண்டுபிடிக்கக் காற்றில்லாத காலை நேரம்தான் தோது. படகுத்துறையிலோ நங்கூரத்திலோ நின்று பாயை முழுவதும் விரியுங்கள். பூமை உள்ளே இழுத்துப் பிடிக்கும் கயிறான மெயின்ஷீட்டைத் தளர்த்துங்கள். பாயின் பின்மூலையை இழுக்கும் அவுட்ஹாலை மிதமாக இழுத்துவிட்டு வாங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டும் பிடித்தும் பாருங்கள். அடிவிளிம்பு அலையலையாகத் தொய்ந்தால் பூம் தாழ்ந்திருக்கிறது. பின்விளிம்பு லொடலொடத்தால் உயர்ந்திருக்கிறது. இரண்டும் அடங்கும் இடத்தில் நிறுத்தி, வாங் கயிறு கிளீட்டுக்குள், அதாவது கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பிடிக்குள், நுழையும் இடத்தில் எலெக்ட்ரிக் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். இனிமேல் சுருட்டுவதும் விரிப்பதும் அந்த டேப் கிளீட்டுக்கு வந்த பிறகுதான். நான் சிவப்பு டேப் வைத்திருப்பேன், கறுப்பு டேப் இருட்டில் தெரியாது.

வாங்கைச் சரியாக வைத்துவிட்டு மெயின்ஷீட்டை மறப்பவர்களும் உண்டு. பழைய தமிழ்க் கப்பல் சொல்லில் தாமான் என்று இருக்கிறதே, பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு, அந்த வேலைதான் மெயின்ஷீட்டுக்கும். அது இறுகியிருந்தால் வாங்கை விட்டும் பூம் மேலே வராது. பாய்மர உச்சியிலிருந்து படகின் பின்முனைக்குப் போகும் இழுப்பான பேக்ஸ்டேயும் அப்படித்தான். அதை இறுக்கிப் பாய்மரத்தை வளைத்து வைத்திருந்தால் உள்ளே சுழலும் தண்டு உராயும். சுருட்டும் நேரத்தில் அதையும் தளர்த்திவிடுங்கள். அவுட்ஹாலை மட்டும் அடியோடு விட்டுவிடக் கூடாது. வின்ச்சில் ஒரு சுற்றுப் போட்டு, கையால் லேசாகப் பிடித்தபடி விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த மெல்லிய எதிரிழுப்பு இல்லாவிட்டால் கோணம் சரியாக இருந்தும் பயனில்லை.

காற்றை எந்தப் பக்கம் வாங்குவது என்பதும் ஒரு விஷயம். பாய் உள்தண்டில் எந்தத் திசையில் சுற்றுகிறதோ அதைப் பொறுத்து, ஒரு பக்கக் காற்றில் பாய் பிளவின் உதட்டில் உரசாமல் நேரே உள்ளே போகும், மறுபக்கக் காற்றில் உரசும். படகுக்குப் படகு இது மாறும். பாய்மரத்தடியில் நின்று பிளவைப் பார்த்தால் புரிந்துவிடும்.

ரீஃப் எடுக்கும்போது

என் அனுபவத்தில் முழுதாகச் சுருட்டும்போது ஜாக்கிரதையாக இருப்பவர்களும் கோட்டை விடும் இடம் இது. காற்று ஏறுகிறது, பாயைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், அதைத்தான் ரீஃப் என்பது. ‘ரெண்டு சுத்துதானே’ என்று வாங் இறுக்கத்தோடே உள்ளே இழுத்துவிடுவார்கள். அந்த இரண்டு சுற்றுதான் சாயங்காலம் வரை சுருளின் வெளிப்பக்கத்தில் இருக்கும். அடுத்து வெளியே வரப் போவதும் அதுதான்.

ரீஃப் எடுக்கவும் அதே வரிசைதான். மெயின்ஷீட்டை விடு, வாங்கை டேப்புக்குக் கொண்டு வா, சுருட்டு. அப்புறம் வாங்கை மறுபடி இறுக்கு. இந்தக் கடைசியை மறந்தால் பூம் ஒவ்வோர் அலைக்கும் துள்ளும். பாயின் பின்மூலை இப்போது பூமில் முன்னால் நகர்ந்திருக்கும். அதனால் பழைய இறுக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்காமல் பாயைப் பார்த்து இறுக்குங்கள்.

ஓடும்போது

பாய்மரத்துக்குள் நுழைய வேண்டும் என்பதால் இந்தப் பாய்களில் துணியை விறைப்பாக வைக்கும் குறுக்குச் சட்டங்கள் கிடையாது. சிலவற்றில் நெடுக்குச் சட்டம் இருக்கும். சட்டமில்லாத பாயின் பின்விளிம்பு படபடக்கும், அதைக் குறைக்கத்தான் உள்வாங்கி வெட்டியிருப்பார்கள், அப்படியும் படபடப்பு முழுசாகப் போகாது. அந்தச் சத்தம் பொறுக்காமல் வாங்கைப் பிடித்து இறுக்குவது பலருக்குப் பழக்கம். படபடப்பை அடக்குவதற்கென்றே பின்விளிம்புக்குள் ஒரு மெல்லிய கயிறு ஓடுகிறது, அதைத்தான் லேசாக இழுக்க வேண்டும். வாங்கை இழுத்தால் பாயின் மேல்பகுதி மூடிக்கொள்ளும், படகு சாயும், சுக்கான் கனக்கும்.

காற்றை எதிர்த்து நெருங்கி ஓடும்போது பூமைக் கீழே பிடிக்கும் வேலையை மெயின்ஷீட்டே பார்த்துக்கொள்ளும். வாங்கில் தொய்வை மட்டும் எடுத்தால் போதும். மெயின்ஷீட்டை விட்டுப் பூம் வெளியே போகப் போக அதன் இழுப்பு பக்கவாட்டில் போய்விடும், அப்போதுதான் வாங் வேலைக்கு வருகிறது. எவ்வளவு இறுக்குவது? பூமுக்கு அடியில் நின்று மேலே பாருங்கள். பாயின் உச்சிக் கால்பகுதி ஏறக்குறைய பூமுக்கு இணையாகத் தெரிந்தால் நல்ல தொடக்கம். காற்று அடித்து அடித்து வந்தால் கொஞ்சம் விடுங்கள், மேல்பகுதி திறந்து அதிகப்படியை உதறிவிடும். டாப்பிங் லிஃப்டைத் தளர்த்தாமல் வாங்கை இழுப்பதும் நடக்கிறது. ஒருவர் கீழே இழுக்க ஒருவர் மேலே இழுக்க, நடுவில் பூம் அவதிப்படும்.

பின்காற்றில் மட்டும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பூம் முழுக்க வெளியே போயிருக்க, அலையில் படகு உருண்டு அதன் வால் தண்ணீரில் முட்டினால், இறுகிய வாங் அதை மேலே எழ விடாது. பூமோ அதன் மூட்டோ முறிய அது போதும். படகு கட்டுப்பாட்டை மீறிக் காற்றை நோக்கித் திரும்பத் தொடங்கினால் முதலில் விட வேண்டிய கயிறுகளில் வாங்கும் ஒன்று. அதனால் பலத்த காற்றில் அதன் கயிறு சிக்கலில்லாமல், யாராவது ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சரி, அன்றைக்கு எங்கள் பாய் என்ன ஆயிற்று? நண்பன் போட்ட இரண்டு சுற்றில் மடிப்பு நன்றாகக் கடித்துக்கொண்டது. நல்லவேளை, அது கையால் சுற்றும் வின்ச். மின்சார வின்ச்சாக இருந்திருந்தால் சிக்கியது கைக்குத் தெரிந்திருக்காது, பாயே கிழிந்திருக்கும். எஞ்சினைப் போட்டுப் படகைக் காற்றின் பக்கம் திருப்பினோம். வாங்கையும் மெயின்ஷீட்டையும் விட்டோம். ஒருவன் பாய்மரத்தடியில் நின்று மடிப்பைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, கொஞ்சம் உள்ளே சுற்றுவதும் கொஞ்சம் வெளியே இழுப்பதுமாக இருபது நிமிடம். திடீரென்று மடிப்பு நழுவியது. பாய் முழுக்க வெளியே வந்ததும் அப்படியே நிறுத்தி, பூமைச் சரியான கோணத்தில் வைத்து டேப்பைச் சுற்றினேன்.

வாரக் கடைசியில் படகைத் திருப்பிக் கொடுத்தபோது சோதிக்க வந்தவர் அந்தச் சிவப்பு டேப்பைத் தொட்டுப் பார்த்தார். பிய்த்துப் போடப் போகிறார் என்று நினைத்தேன். தலையை ஆட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.