பூல் மேசைக்குக் கண்ணாடி: குனிந்தால்தான் தெரியும் குறை

கியூ என்னும் கோலால் பந்தை அடித்துக் குழியில் தள்ளும் பூல் ஆட்டத்தைக் கண்ணாடி அணிந்து ஆடுபவர்களைச் சற்று நேரம் கவனித்துப் பாருங்கள். நிமிர்ந்து நின்று மேசையைச் சுற்றி வரும்போது அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. குனிந்து, தாடையைக் கியூவை ஒட்டி இறக்கிய உடனே முகம் சுருங்குகிறது. ஃப்ரேமின் மேல்விளிம்பு பார்வைக்குக் குறுக்கே வந்து நிற்கிறது. கியூ நுனியில் தேய்க்கும் சாக்குப்பொடி (சாக்பீஸ் போன்றது) ஒட்டிய விரலால் கண்ணாடியை மேலே தள்ளுகிறார்கள்; லென்ஸில் நீலக் கறை படிகிறது. தலையைப் பின்னால் நிமிர்த்திக் கழுத்தை ஒடிக்கிறார்கள். சிலர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மங்கலாகத் தெரியும் பந்தைக் குத்துமதிப்பாக அடிக்கிறார்கள்.

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை என்று நம் மாவட்டத்தில் மேசை போட்டிருக்கிற எந்த இடத்திலும் இதைப் பார்க்கலாம். நேரான பந்து தவறினால் கையைக் குறை சொல்கிறோம், கியூவை மாற்றுகிறோம், ஸ்டைலை மாற்றுகிறோம். குறை பெரும்பாலும் மூக்கின் மேல்தான் இருக்கிறது. நாம் போட்டிருக்கும் கண்ணாடி, நிமிர்ந்து உட்கார்ந்து நேரே பார்ப்பவருக்காகச் செய்யப்பட்டது. குனிந்து, கண்ணை மேலே உருட்டிப் பார்ப்பவருக்காக அதை யாரும் அளக்கவே இல்லை.

பரிசோதனையில் தொடங்கும் தவறு

முதல் தவறு, கண் பரிசோதனைக்குப் போகும்போது பூல் ஆடுவதைச் சொல்லாமல் இருப்பது. ஓட்டுநர் என்றால் சொல்கிறோம், கணினி வேலை என்றால் சொல்கிறோம். விளையாட்டைச் சொல்லக் கூச்சம். சொல்லாவிட்டால் பரிசோதிப்பவர் வழக்கமான அளவைத்தான் எடுப்பார். அதில் அவர் பிழை ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியவை தூரங்கள். குனிந்த நிலையில், கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து உங்கள் கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டரில் இருக்கும். வெள்ளைப் பந்து போய் மோத வேண்டிய எதிர்ப் பந்து அதற்கும் அப்பால். ஒன்பதடி மேசையின் ஆடுகளம் 254 சென்டிமீட்டர் நீளம், 127 சென்டிமீட்டர் அகலம். பன்னிரண்டடி ஸ்னூக்கர் மேசை என்றால் மூன்றரை மீட்டரைத் தாண்டும். கேரம் பலகையின் ஆடுபரப்போ 74 சென்டிமீட்டர்தான். அதில் உட்கார்ந்து கீழ்நோக்கிப் பார்க்கிறோம். ஊர் மன்றத்தில் கேரம் ஆடும்போது குறை தெரியாத கண்ணாடி பூல் மேசையில் காலை வாரிவிடுவதற்கு இதுதான் காரணம். பார்க்கும் தூரமும் வேறு, லென்ஸில் பார்க்கும் இடமும் வேறு.

பழைய சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, அதை அனுப்பியே கண்ணாடி வரவழைக்கிற பழக்கமும் இப்போது இருக்கிறது. அந்தச் சீட்டில் பவர் இருக்கும். லென்ஸின் மையம் எந்த உயரத்தில் அமைய வேண்டும் என்பது இருக்காது. பூலுக்குப் பவரைவிட முக்கியமானது அந்த உயரம்தான்.

சர்க்கரை உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரத்தச் சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்கும் நாட்களில் பார்வைத் திறனும் மாறும். அன்று எடுக்கும் பவர் அடுத்த மாதம் பொருந்தாது. சர்க்கரை ஒரு நிலைக்கு வந்த பிறகு பரிசோதிப்பதே நல்லது. கடலோரத்தில் வெயிலிலும் காற்றிலும் உழைப்பவர்களுக்குக் கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து கருவிழி நோக்கிச் சதை வளர்வது உண்டு. அது வளர வளர சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் கூடுதலாக வேண்டிய பவர்) மாறிக்கொண்டே போகும். அப்படி இருந்தால் கண்ணாடிக் கடைக்கு முன்னால் கண் மருத்துவரைப் பாருங்கள்.

லென்ஸின் மையம்

இந்த ஒரு விஷயத்தை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒவ்வொரு லென்ஸிலும் ஒளி வளையாமல் நேராகச் செல்லும் ஒரு புள்ளி இருக்கிறது. அதுவே ஒளிமையம். கடையில் சாதாரணமாக அதைக் கண்ணின் பாவைக்கு நேராகவோ சற்றுக் கீழேயோ வைப்பார்கள். குனிந்து ஆடும்போது உங்கள் பார்வை அந்த மையத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் மேலே போய்விடும். மையத்திலிருந்து விலகிய இடத்தில் லென்ஸ் ஒரு பட்டகம் (பிரிசம்) போல வேலை செய்து, காட்சியை நகர்த்திக் காட்டும். எவ்வளவு நகரும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்து, பவரால் பெருக்க வேண்டும். வரும் எண், ஒரு மீட்டர் தூரத்தில் காட்சி எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது என்பதைச் சொல்லும்.

இரண்டு கண்ணிலும் ஒரே பவர் என்றால் இரண்டு காட்சியும் ஒரே அளவு நகரும். மூளை அதைப் பழகிக்கொள்ளும். வலது கண் மைனஸ் 2, இடது கண் மைனஸ் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் மேலே பார்க்கும்போது ஒரு கண்ணில் 3, மறு கண்ணில் 6. வித்தியாசம் 3. இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் பந்து ஒரு கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கும் மறு கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கும் இடையே மேல்கீழாக 6 சென்டிமீட்டர் இடைவெளி! பூல் பந்தின் விட்டமே 57 மில்லிமீட்டர்தான். ஒரு முழுப் பந்துக்கும் அதிகமான இந்த விலகலை இழுத்துப் பிடித்து ஒன்றாக்க மூளை போராடுகிறது. முடிந்தால் தலைவலி, முடியாவிட்டால் பந்து இரண்டாகத் தெரியும். அல்லது நீங்கள் அறியாமலேயே ஒரு கண்ணை மூடிக்கொள்வீர்கள்.

இதோடு சாய்வும் சேர்கிறது. வழக்கமான கண்ணாடியில் லென்ஸின் கீழ்ப்பகுதி கன்னத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். படிப்பதற்கு அது வசதி. மேல்நோக்கிப் பார்க்கிற பூல் ஆட்டக்காரருக்கு அதே சாய்வு பகை. பார்வை லென்ஸைச் செங்குத்தாகக் கடக்காமல் சரிவாகக் கடக்கிறது. மைனஸ் 4 லென்ஸை 30 டிகிரி சரிவாகப் பார்த்தால், சீட்டில் இல்லாத சிலிண்டர் பவர் ஏறக்குறைய 1.4 அளவுக்குத் தானாகவே ஏறிவிடும். பந்தின் ஓரம் மேல்கீழாக இழுபட்டுத் தெரிவது இதனால்தான்.

1985ஆம் ஆண்டு உலக ஸ்னூக்கர் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு டென்னிஸ் டெய்லரின் பெரிய கண்ணாடி நினைவிருக்கும். தலைகீழாக மாட்டியது போல, லென்ஸ்கள் புருவத்துக்கும் மேலே உயர்ந்திருக்கும். ஷெஃபீல்டில் ஸ்டீவ் டேவிஸை 18-17 என்று கடைசிக் கறுப்புப் பந்தில் அவர் வென்றார். பில்லியர்ட்ஸ் வீரரும் வர்ணனையாளருமான ஜாக் கார்னெம் அவருக்காக உருவாக்கிய கண்ணாடி அது. பார்க்க விநோதமாக இருந்தாலும், அதில் தேவையற்றது எதுவும் இல்லை. குனிந்த பார்வை எங்கே போகிறதோ அங்கே லென்ஸ் இருந்தது. பார்வைக்குச் செங்குத்தாகவும் இருந்தது.

அந்தக் கண்ணாடியே வேண்டும் என்பதில்லை. அந்தத் தத்துவத்தை நம் ஊர்க் கடையிலும் ஓரளவு கொண்டுவர முடியும். அதற்கு ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்த பிறகு ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். கியூவையோ ஒரு நீளக் கம்பையோ கையோடு கொண்டு போங்கள். கடை மேசையில் ஆடுவது போலவே குனியுங்கள். ஃப்ரேமில் மாதிரி லென்ஸ் இருக்கும். பந்து இருக்க வேண்டிய திசையில் கூட வந்தவரோ கடைக்காரரோ தாழ்ந்து உட்கார்ந்து, உங்கள் கண்ணின் பாவை அந்த லென்ஸில் எந்த இடத்துக்கு நேராகத் தெரிகிறது என்று பார்த்து, மார்க்கர் பேனாவால் புள்ளி வைக்கட்டும். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக. பிறகு நிமிர்ந்து பாருங்கள். புள்ளிகள் நீங்கள் நினைத்ததைவிட மிக உயரத்தில், ஃப்ரேமின் விளிம்பை ஒட்டியே இருக்கும். புள்ளி லென்ஸைத் தாண்டி விளிம்பின் மேலேயே விழுந்தால் அந்த ஃப்ரேம் ஆகாது. லென்ஸுக்குள் விழுந்தால், ஒளிமையத்தை அந்தப் புள்ளிக்கு அருகில் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். மையத்தை உயர்த்தினால் பெரிய லென்ஸ் வட்டு தேவைப்படும். எல்லா ஃப்ரேமுக்கும் அது எட்டாது. ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஃப்ரேமில் செய்யும் தவறுகள்

அழகுக்காகக் குறுகலான ஃப்ரேம் எடுப்பது பெருந்தவறு. லென்ஸின் உயரம் 45 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். மேலே கட்டியான பட்டையும் கீழே நைலான் நூலும் உள்ள பாதி ஃப்ரேம், பூலுக்கு எடுக்கக்கூடியவற்றிலேயே மோசமானது. எந்த இடத்தில் தடை இருக்கக் கூடாதோ அங்கேதான் அதன் பட்டை இருக்கிறது. விளிம்பே இல்லாததோ, மெல்லிய உலோக விளிம்பு உள்ளதோ மேல்.

மூக்குத் தாங்கி தனியாக இருக்கும் உலோக ஃப்ரேமைத்தான் நான் பரிந்துரைப்பேன். தாங்கிகளைச் சற்று நெருக்கினால் கண்ணாடி முழுவதும் மூக்கில் மேலேறி உட்காரும். பிளாஸ்டிக் ஃப்ரேமில் அதற்கு வழியில்லை. காதுக் கம்பிகளின் இணைப்பில் சிறிது வளைத்து, கீழ்ச் சாய்வை எடுத்துவிடவும் சொல்லலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையால் கண்ணாடி வழுக்கி இறங்குவது நிச்சயம்; உயர்த்தி வைத்த மையம் ஐந்து மில்லிமீட்டர் வழுக்கினாலும் பயன் போய்விடும். சிலிக்கான் தாங்கியும், காதுக்குப் பின்னால் நன்றாக வளைந்த கம்பியும் கேட்டு வாங்குங்கள்.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்கிற சலுகையில் பலரும் ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி செய்துகொள்கிறார்கள். இரண்டாவதைப் பூலுக்கென்று தனி அளவில் செய்துகொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடியோடு பைக் ஓட்டாதீர்கள். நிமிர்ந்து சாலையைப் பார்க்கும்போது மையம் வேறெங்கோ இருக்கும்.

நாற்பதைத் தாண்டியவர்கள்

வெள்ளெழுத்து வந்தவர்கள், மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் பவர் படிப்படியாக மாறும் புரோகிரெசிவ் லென்ஸோடு மேசைக்கு வருகிறார்கள். அன்றாட வாழ்வுக்கு அது மிக நல்ல லென்ஸ். பூலில் இரண்டு சிக்கல் உண்டு. அதன் பக்கவாட்டில் நேர்கோடுகள் வளைந்து தெரியும். குஷனின் (மேசையைச் சுற்றியுள்ள ரப்பர் ஓரத்தின்) விளிம்பே வளைந்து தெரிந்தால் கோணத்தை எப்படிக் கணக்கிடுவது? நின்றபடி அருகிலுள்ள பந்தை நோக்கும்போது, பார்வை படிக்கும் பகுதிக்குள் இறங்கி மங்குவது இன்னொன்று. தூரப் பகுதியையும் படிக்கும் பகுதியையும் பிரிக்கிற பை-ஃபோகலின் கோடும் இப்படித்தான் குழப்பும்.

பூலுக்கு ஒற்றைப் பவர் லென்ஸே சிறந்தது. தூரப் பவரை அப்படியே வைத்தால் மேசையின் மறுகோடியில் உள்ள பந்து தெளிவாகத் தெரியும், வெள்ளைப் பந்து சற்று மங்கும். படிக்கும் பவரை வைத்தால் வெள்ளைப் பந்துக்கு அப்பால் எல்லாமே போய்விடும். தூரப் பவரோடு பிளஸ் 0.25 அல்லது 0.50 சேர்த்து, பரிசோதனையில் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போடும் ஃப்ரேமில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மீட்டரிலும் மூன்று மீட்டரிலும் எதையாவது வைத்து, மாறி மாறிப் பாருங்கள். இரண்டில் ஒன்றைச் சற்று விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தால் வெள்ளைப் பந்தை விட்டுக்கொடுங்கள். அடிக்கிற கணத்தில் கண் இருக்க வேண்டியது எதிர்ப் பந்தில்தான்.

ஒரு கண்ணுக்குத் தூரம், மறு கண்ணுக்குக் கிட்ட என்று பிரித்துப் போடும் கான்டாக்ட் லென்ஸ் முறையும் உண்டு. இரண்டு கண்ணும் சேர்ந்து தருகிற தூர உணர்வை அது குறைத்துவிடுவதால் இந்த ஆட்டத்துக்கு வேண்டாம். இரண்டு கண்ணுக்கும் சரியான தூரப் பவரில் போடும் சாதாரண கான்டாக்ட் லென்ஸ், ஃப்ரேம் தொல்லையை ஒரேயடியாகத் தீர்த்துவிடும். இளைஞர்களுக்கு அதைத் தயங்காமல் சொல்வேன். உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறையும், ஏசி அறையில் கண் உலரும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ், கோட்டிங், துடைப்பது

மெல்லியதாக இருக்கிறது என்று ஹை இண்டெக்ஸுக்கும் பாலிகார்பனேட்டுக்கும் பலர் பணம் கொடுக்கிறார்கள். இவை மையத்திலிருந்து விலகிப் பார்த்தால் பந்தின் ஓரத்தில் நிற விளிம்பு காட்டக்கூடியவை. பவர் குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் சாதாரண சி.ஆர். 39 பிளாஸ்டிக் லென்ஸே தெளிவில் மேல்.

எதிரொளி தடுக்கும் கோட்டிங் அவசியம். மேசைக்கு மேலே விளக்கு வரிசை எரிகிறது. நிறம் ஏற்றிய லென்ஸ் வேண்டாம். மங்கிய வெளிச்சத்தில் 4 என்று எண்ணிட்ட ஊதாப் பந்தையும் 8 என்று எண்ணிட்ட கறுப்புப் பந்தையும் பிரித்தறிவதே சிலருக்குச் சிரமம். அதற்கு மேல் நிறம் எதற்கு? வெயிலில் கறுக்கும் லென்ஸ், வெளியிலிருந்து உள்ளே வந்தபின் சில நிமிடங்களுக்குக் கறுப்பாகவே இருக்கும்.

சாரத்தின் (கைலியின்) நுனியால் உலர்ந்த லென்ஸைத் துடைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கியூ நுனியில் தேய்க்கும் சாக்கில் கடினமான துகள்கள் இருக்கின்றன. குளச்சல், முட்டம் பக்கத்துக் கடற்காற்றில் உப்பும் படிகிறது. இரண்டும் கோட்டிங்கைக் கீறும். முதலில் தண்ணீரில் கழுவி, பிறகு மென்துணியால் ஒற்றி எடுங்கள்.

வாங்கும்போது

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் நம் ஊர்க்காரர்கள், கிளம்புகிற வாரத்தில்தான் கண்ணாடிக் கடைக்கு ஓடுகிறார்கள். பூலுக்கான கண்ணாடி முதல் முயற்சியிலேயே சரியாக அமைவது அரிது. வந்த முதல் வாரத்தில் அளவு கொடுத்தால், திருத்த நேரம் இருக்கும்.

கண்ணாடி கைக்கு வந்ததும் கடையிலேயே லென்ஸ் அளக்கும் கருவியில் வைத்து, மையம் எங்கே இருக்கிறது என்று குறித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வைத்த புள்ளியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு மேசைக்குப் போய் வெள்ளைப் பந்து, எதிர்ப் பந்து, பாக்கெட் (பந்து விழும் குழி) மூன்றும் ஒரே கோட்டில் வரும்படி வைத்துக் குனியுங்கள். ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். பந்து பக்கவாட்டில் சிறிது நகர்வது இயல்பு. மேலும் கீழும் குதித்தால் மையம் தவறியிருக்கிறது. வெட்டி முடித்த லென்ஸில் மையத்தை நகர்த்த முடியாது. ஃப்ரேமை வளைத்துத் தருகிறோம் என்பதோடு திருப்தி அடையாமல், லென்ஸையே மாற்றித் தரும்படி கேளுங்கள்.