பெங்களூரிலிருந்து கபினிக்கு: முதல் முறை போகிறவர்களுக்கு

ஜூலை மாதம் பிறந்தால் ஊரில் அப்பா பேப்பரில் முதலில் தேடுவது கபினி அணையின் நீர்மட்டத்தைத்தான். வயநாட்டில் மழை, கபினியில் உபரி நீர் திறப்பு என்று செய்தி வந்தால் மேட்டூருக்குத் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம், அன்றைக்கு வீடே உற்சாகமாகிவிடும். இப்படிப் பெயராக மட்டுமே தெரிந்த ஆற்றை, பெங்களூருக்கு வேலைக்கு வந்து ஐந்து வருடம் கழித்துத்தான் நேரில் பார்த்தேன். அதற்கப்புறம் நாலு தடவை போய்விட்டேன். அல்சூர் நண்பர்கள் எப்படிப் போவது, எப்போது போவது என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் இடம். கபினி வயநாட்டில் பிறந்து கிழக்கே கர்நாடகாவுக்குள் வருகிறது. 1974ல் கட்டிய அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் நீர்தான் நாம் பார்க்கப் போவது. ஒரு கரையில் நாகரஹொளே தேசியப் பூங்கா, எதிர்க்கரையில் பந்திப்பூர். கன்னடத்தில் நாகர என்றால் பாம்பு, ஹொளே என்றால் ஆறு. காட்டுக்குள் பாம்பு போல வளைந்து ஓடும் ஓடையால் வந்த பெயர்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். நான் முதலில் போனது ஆகஸ்டில். எங்கு பார்த்தாலும் பச்சை, தண்ணீர் காட்டு மரங்களின் அடி வரை நிற்கிறது, கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சி. ஆனால் இரண்டு சஃபாரியிலும் சேர்த்துக் கொஞ்சம் புள்ளிமான்களைத்தான் பார்த்தேன். காட்டுக்குள்ளேயே குட்டை குட்டையாகத் தண்ணீர் கிடக்கும்போது யானை எதற்கு ஆற்றுக்கு வரப் போகிறது?

மார்ச் முதல் மே வரை கதையே வேறு. பாசனத்துக்குத் திறந்துவிட்டு, வெயிலிலும் வற்றி, அணையின் நீர் பின்வாங்கும். அந்த ஈரச் சேற்றில் இளம்புல் முளைக்கும். காட்டுக் குட்டைகள் காய்ந்துவிட்டதால் சுற்றுவட்டாரத்து யானைக் கூட்டங்கள் தண்ணீருக்கும் புல்லுக்குமாக இந்தக் கரைக்கு வந்து சேரும். ஒரு ஏப்ரல் சாயங்காலம் படகிலிருந்தபடி நாற்பது வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ணத் தோன்றவில்லை. குட்டிகளை நடுவில் விட்டுப் பெரியவை சுற்றி நின்று புல்லை வேரோடு பிடுங்கி, முன்காலில் தட்டி மண்ணை உதறித் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வெயில் கடுமைதான், சாயங்காலம் கோடை மழை பிடிக்கவும் கூடும், இருந்தாலும் முதல் முறை போகிறவர்கள் கோடையில்தான் போக வேண்டும் என்பேன்.

படி 2: சஃபாரி நடக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

காட்டை ஒட்டிய கிராமங்களில் புலி தாக்கி உயிர்கள் போனதால் 2025 நவம்பரில் நாகரஹொளே, பந்திப்பூர் இரண்டிலும் சஃபாரியை அரசு நிறுத்தி வைத்தது. அங்கே வாழ்கிறவர்களின் உயிர் நம் சுற்றுலாவை விடப் பெரியது, அதனால் தடை வந்தால் மனம் கோணாமல் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

சஃபாரி போக இரண்டு வழி உண்டு. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் காராபுராவில் விடுதி நடத்துகிறது. தங்குமிடம், சாப்பாடு, சஃபாரி எல்லாம் ஒரே கட்டணத்தில் வந்துவிடும், ஆனால் செலவு அதிகம். சிக்கனமாகப் போக நினைத்தால் தம்மனகட்டே வாசலில் வனத்துறையின் வண்டி சஃபாரி இருக்கிறது. ஆனால் ஆற்றைப் பார்க்க வேண்டுமென்றால் படகுதான், அதனால் முன்பதிவு செய்யும்போதே படகு உண்டா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். ஒரு இரவு தங்கினால் சாயங்காலம் படகு, மறுநாள் காலை ஜீப் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்த பிறகுதான் யானைகள் நீருக்கு இறங்கும்.

படி 3: பயணம்

சுமார் 220 கிலோமீட்டர். மைசூரு வரை எக்ஸ்பிரஸ்வே, பிறகு எச்.டி. கோட்டே, அந்தரசந்தே. பைக்கில் போகிறவர்கள் கவனிக்கவும், எக்ஸ்பிரஸ்வேயின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்டிலிருந்து இருசக்கர வாகனத்துக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். மத்தூருக்குள் நுழைந்து சூடாக ஒரு வடை சாப்பிட அது வசதிதான்! கார் இல்லாதவர்கள் மைசூரு வரை ரயில், அங்கிருந்து எச்.டி. கோட்டேக்கு பஸ். காட்டுக்குள் போகும் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு, எனவே விடிகாலையில் கிளம்பி மதியத்துக்குள் சேர்ந்துவிடுங்கள்.

படி 4: பையில் என்ன

மண் நிறத்திலோ மங்கிய பச்சையிலோ உடை, தொப்பி, தண்ணீர். சென்ட் வேண்டாம். கேமரா இல்லாவிட்டால் பரவாயில்லை, பைனாகுலர் மட்டும் கட்டாயம். யாரிடமாவது இரவல் வாங்குங்கள், 8×42 என்று எழுதியிருந்தால் போதுமானது.

படி 5: படகில்

லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள், எழுந்து நிற்காதீர்கள். புலி எங்கே புலி எங்கே என்று படகோட்டியை நச்சரிக்காதீர்கள். அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் பட்டுப்போய் இன்னும் நீருக்கு மேல் நிற்கின்றன, முதலில் அவற்றைப் பாருங்கள். சிறகை விரித்துக் காய வைக்கும் பாம்புத்தாரா, நீர்க்காகம், ஆற்று ஆலா எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். சேற்றுக்கரையில் மரக்கட்டை போலக் கிடப்பதைப் பைனாகுலரில் பார்த்தால் முதலையாக இருக்கும். நீர்நாய்க் கூட்டம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முங்கும். யானைக்குப் பக்கத்தில் எஞ்சினை நிறுத்துவார்கள், அப்போது யாரும் பேசக் கூடாது, போனையும் சைலண்டில் வையுங்கள். அந்த அமைதியில் யானை புல் பிடுங்கும் சத்தம் படகு வரை கேட்கும்.

கரையில் மான்கள் திடீரென்று கத்தினாலோ மரத்து மந்தி விடாமல் குரல் கொடுத்தாலோ வழிகாட்டி பார்க்கும் பக்கமே பாருங்கள். புலியோ சிறுத்தையோ நடமாடுவதற்கு அடையாளம் அது.

படி 6: திரும்பும் வழியில்

நேராக பெங்களூருக்கு வண்டியை விடாமல், மைசூரிலிருந்து 30 கிலோமீட்டர் போல தென்கிழக்கே திருமகூடலு நரசிபுராவுக்குப் போங்கள். கபினி அங்கேதான் காவிரியில் கலக்கிறது. படித்துறையில் இறங்கிக் கொஞ்ச நேரம் உட்காரலாம். போன தடவை அங்கிருந்து அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டார். கேமராவைக் கிழக்கே திருப்பினேன்.