சுண்டுவிரல் மரத்துப்போனால் முழங்கையைக் கவனியுங்கள்

முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை 'சுரீர்' என்று பாய்கிறதே, அது எலும்பின் வேலை அல்ல. கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் அல்நார் நரம்பு அங்கே தோலை ஒட்டி ஓடுகிறது. இடிபடுவது முழங்கை, மூளையோ அதை விரலின் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

கையை நெடுநேரம் மடக்கியே வைத்தாலும் இந்த நரம்பு இழுபட்டு நசுங்கும். செல்பேசியைக் காதில் வைத்து மணிக்கணக்கில் பேசுபவர்களுக்கும், கையை மடக்கித் தூங்குபவர்களுக்கும் (நானும் அந்தக் கூட்டம்தான்) சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். இரவில் முழங்கையில் ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு படுங்கள். கை அதிகம் மடங்காது. சில வாரங்களில் குறையாவிட்டாலோ, கைப்பிடி தளர்ந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

திடீரென்று ஒரு பக்கக் கை செயலிழந்து வாயும் கோணினால் அது பக்கவாதமாக இருக்கலாம். துண்டைத் தேடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.