நாடகக் குழுவுக்கு லைட்டிங் டெஸ்க்: மலிவாக வாங்கப் போய்ச் செய்யும் தவறுகள்

புதுக் குழுவிலிருந்து யாராவது கூப்பிட்டு, "அண்ணா, ஒரு டெஸ்க் பார்த்து வச்சிருக்கோம், 192 சேனலாம், விலையும் கட்டுப்படியாகுது" என்று ஆரம்பித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். (மேடை விளக்குகளை ஏற்றி, இறக்கி, மாற்றும் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் டெஸ்க். விளக்கின் வெளிச்சம், நிறம் போன்ற ஏதாவது ஒன்றை ஆளும் தனி வழிதான் சேனல்.) என் தலைமுறை விழுந்த பள்ளத்திலேயே அடுத்த தலைமுறையும் வரிசையாக வந்து விழுகிறது. உத்தரவாதச் சீட்டைப் பத்திரமாக வை, தண்ணீர் பாட்டிலை டெஸ்க் மேல் வைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

டிஜே டெஸ்க்கை நாடகத்துக்கு வாங்குவது

குறைந்த விலையில் தேடினால் முதலில் கண்ணில் படுவது இதுதான். கறுப்புப் பெட்டி, இடது ஓரத்தில் 12 பொத்தான், நடுவில் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் எட்டு ஃபேடர், அதற்கு மேல் பதிந்து வைத்த ஒளி அமைப்பை (சீன்) வரவழைக்கும் எட்டு பொத்தான், பக்கத்தில் ஸ்பீடு, ஃபேட் என்று இரண்டு ஸ்லைடர். ஆளுக்கொரு பெயர் ஒட்டி விற்பார்கள். உள்ளே சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: 12 விளக்கு, விளக்குக்கு 16 சேனல், சீன்களை அடுக்கி வைக்க 30 பேங்க், பேங்குக்கு 8 சீன். ஆக 240 சீன். கேட்க அமர்க்களமாக இருக்கும். 240 சீன் கேட்கிற நாடகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

அது மோசமான சாமான் இல்லை. ஆட்ட மேடையில் தாளத்துக்கு விளக்கு மாறுவதற்காகச் செய்தது. மைக்கை உள்ளேயே வைத்திருப்பார்கள், பாட்டைக் கேட்டு அதுவே மாற்றிக்கொள்ளும். அதை நாடகத்துக்குக் கொண்டுவருவது பந்தயக் குதிரையை ஏரில் பூட்டுவது போல. நாடகத்தில் ஒவ்வொரு ஒளி மாற்றத்துக்கும் தனித்தனி நேரம் உண்டு. பொழுது சாய ஒன்றரை நிமிடம், கதவு திறக்கும்போது வெளிச்சம் உள்ளே வர மூன்று விநாடி, துப்பாக்கி வெடித்ததும் சட்டென்று இருட்டு. இந்தப் பெட்டியிலோ எல்லா சீனுக்கும் சேர்த்து, மாற்றத்துக்கான நேரத்தை வைக்கும் ஃபேட் ஸ்லைடர் ஒன்றே ஒன்று. சில மாடல்களில் அதுவும் சேஸ் (சீன்கள் வரிசையாகத் தானே மாறுவது) ஓடும்போதுதான் வேலை செய்யும். கையால் சீனை மாற்றினால் தாவித்தான் குதிக்கும்.

இப்படி ஒரு பெட்டி வாங்கிய குழுவின் நாடகத்தை ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஃபேட் ஸ்லைடர் ஓரமாக வெள்ளை டேப் ஒட்டி, பென்சிலால் மூன்று கோடு போட்டிருந்தான்: 'மாலை', 'சாதா', 'பட்'. ஒவ்வொரு க்யூவுக்கும் (குறித்து வைத்த ஒளி மாற்றம்) முன்னால் பேனா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஸ்லைடரைச் சரியான கோட்டுக்கு நகர்த்த வேண்டும், அப்புறம்தான் பொத்தானை அழுத்த வேண்டும். முக்கால் நாடகம் வரை கெட்டிக்காரத்தனமாக ஓட்டினான். அப்பா செத்து விழுகிற காட்சி வந்தது. ஸ்லைடர் 'மாலை'யிலேயே நின்றுபோயிருந்தது. பளிச்சென்று அணைய வேண்டிய விளக்கு ஆற அமர இறங்கிக்கொண்டிருக்கிறது. கீழே கிடந்த நடிகர் இருட்டுக்காகக் காத்துப் பார்த்தார், பொறுமை போய் எழுந்து நடந்தார். அரங்கம் சிரித்தது. நாடகம் முடிந்ததும் திட்டு வாங்கியது அந்தப் பையன். டெஸ்க்கைத் தேர்ந்தெடுத்தவர் கைதட்டலுக்கு மேடையில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தீராத விஷயம் இதுதான்.

தொல்லை அதோடு நிற்காது. ஒத்திகையில் இயக்குநர், "ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல சின்னதா ஒரு மாற்றம் வேணும்" என்பார். கேட்காத இயக்குநர் கிடையாது. க்யூ வரிசை வைத்து ஓடும் டெஸ்க்கில் 7.5 என்று பதிந்துவிட்டுப் போய்விடலாம். பேங்க் கணக்கில் ஓடும் பெட்டியில் எட்டாவதிலிருந்து எல்லாவற்றையும் ஒரு இடம் தள்ளிப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் வேறொரு பேங்கில் ஒளித்து வைத்து, நாடகத்தின் நடுவில் தாவிப் போய் வர வேண்டும். இரண்டாம் பேங்கில் இருக்கிறோமா மூன்றிலா என்பது அந்தக் குட்டித் திரையைக் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

இதைவிட, நினைவகமே இல்லாத இரட்டை வரிசைக் கை டெஸ்க் எவ்வளவோ மேல். மேல் வரிசையில் இப்போதைய ஒளி, கீழ் வரிசையில் அடுத்தது. நடுவில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும் கிராஸ்ஃபேடர். அடுத்த காட்சியை ஓசைப்படாமல் கீழே அமைத்துவிட்டு, நடிகரின் மூச்சைப் பார்த்துக்கொண்டே கையால் மாற்றலாம். டிம்மரில் (பல்பின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ஓடும் பன்னிரண்டு விளக்கு வைத்திருக்கும் குழுவுக்கு இது தாராளம்.

நினைவகம்தான் வேண்டும் என்றால், கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். முதல் க்யூ 5 விநாடியில் ஏற வேண்டும், இரண்டாவது 40 விநாடியில் மாற வேண்டும், மூன்றாவது பட்டென்று இருட்டு. இதைப் பதியச் சொல்லுங்கள். பிறகு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் புதிதாக ஒன்றைச் செருகச் சொல்லுங்கள். கடைசியாக, அடுத்த க்யூவுக்குப் போகும் கோ பொத்தானை மட்டும் அழுத்தி எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டி, ஒரு க்யூ பின்னால் வரச் சொல்லுங்கள். விற்பவர் "அதெல்லாம் பண்ணலாம் சார்" என்று வாயால் சொன்னால் போதாது, விரலால் செய்துகாட்ட வேண்டும்.

512 என்ற எண்ணில் மயங்குவது

டிஎம்எக்ஸ்512 என்பது டெஸ்க் விளக்குகளோடு பேசுவதற்காக 1986-இல் அமெரிக்க நாடகத் தொழில்நுட்ப அமைப்பான யுஎஸ்ஐடிடி வகுத்த முறை. ஒரு லைனில் அதிகபட்சம் 512 சேனல் போகும், அவ்வளவுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். டெஸ்க் நல்லதா என்பதற்கு அது சாட்சி இல்லை.

உங்கள் விளக்குகளை எண்ணுங்கள். டிம்மரில் ஓடும் பழைய பார் கேன் (டப்பா வடிவ பல்பு விளக்கு) பன்னிரண்டு என்றால் 12 சேனல். அதே பன்னிரண்டு எல்இடி பார், ஒவ்வொன்றும் 7 சேனல் என்றால் 84. நான் மேலே மெச்சிய கை டெஸ்க் இங்கே உதவாது. சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனி ஃபேடரில் தள்ளிக்கொண்டிருந்தால் நாடகம் முடிந்துவிடும். விளக்கின் பெயரைச் சொன்னால் எந்த சேனல் எதற்கென்று தெரிந்துகொண்டு, நிறத்தைத் தேர்ந்தெடுக்க விடும் டெஸ்க்தான் வேண்டும்.

எல்இடி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண டிஎம்எக்ஸ் சேனலில் ஒளி 0 முதல் 255 வரை படிப்படியாகத்தான் ஏறி இறங்கும். முழு வெளிச்சத்திலிருந்து 90 விநாடியில் அணைத்தால் விநாடிக்கு மூன்று படிகூட இல்லை. பத்து சதவீதத்திலிருந்து அதே நேரத்தில் அணைத்தால், ஒவ்வொரு படிக்கும் மூன்றரை விநாடி. பழைய பல்பில் இழை மெதுவாக ஆறுவதால் படிகள் மழுங்கிவிடும். எல்இடிக்கு அந்தத் தயவு கிடையாது. உள்ளேயே மழுக்கிக் கொடுக்கும் விளக்காக இல்லாவிட்டால், தடக் தடக் என்று இறங்குவது கடைசி வரிசைக்கும் தெரியும். டெஸ்க் எடுக்கப் போகும்போது விளக்கு ஒன்றையும் கையோடு கொண்டுபோய், அறையை இருட்டாக்கி, மெல்ல அணைத்துப் பாருங்கள்.

"லேப்டாப் இருக்கே, கேபிள் மட்டும் வாங்கினா போதுமே"

போதும். க்யூஎல்சி பிளஸ் என்ற இலவச மென்பொருளில் க்யூ வரிசை, ஒவ்வொன்றுக்கும் தனி நேரம் எல்லாம் உண்டு. சிறிய குழுவுக்கு நான் சொல்லும் முதல் யோசனையே இதுதான். கோட்டை விடுவது கேபிளில். மிக மலிவான யுஎஸ்பி கேபிளுக்குச் சொந்த மூளை கிடையாது, சிக்னலின் தாளத்தை லேப்டாப்பே பிடித்துக் கொடுக்க வேண்டும். லேப்டாப் வேறு வேலையில் மூழ்கினால் விளக்கு நடுங்கும். நேரத்தைத் தானே கவனித்துக்கொள்ளும் சில்லு உள்ள பெட்டியாகப் பார்த்து, கொஞ்சம் கூடப் போட்டு வாங்குங்கள். நாடகத்தன்று வைஃபை, அப்டேட், ஸ்லீப், ஸ்க்ரீன்சேவர், அறிவிப்புச் சத்தம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எவருடைய லேப்டாப் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். தேர்வு வந்துவிட்டது என்று அவர் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

கைமாறி வரும் பழைய பெரிய டெஸ்க்

ஃப்ளாப்பியில்தான் சேமிக்கும் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

டிஎம்எக்ஸ் அவுட் இருக்கிறதா என்று பின்பக்கத்தைப் பாருங்கள். 0–10 வோல்ட் அனலாக் அவுட் மட்டும் இருந்தால் இன்றைய விளக்குகளோடு அது நேரடியாகப் பேசாது. அணைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி போடுங்கள். பதிந்தது அழிந்திருந்தால் உள்ளே பேட்டரி செத்துவிட்டது.

மைக் கேபிளையே டிஎம்எக்ஸுக்கும் போடுவது

வேண்டாம். கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டரும் (லைனின் முனையை மூடும் சிறு பிளக்) போடுங்கள்.

5 பின், 3 பின்

டிஎம்எக்ஸ் கேபிளின் இணைப்பு முறைப்படி 5 பின். மலிவுச் சாமானில் 3 பின். இரண்டுக்கும் அடாப்டரை டெஸ்க் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.

ஓட்டப்போகிறவரை விட்டுவிட்டு வாங்குவது

இயக்குநரும் பொருளாளரும் போய் வாங்கி வந்து, மறுநாள் ஆபரேட்டர் கையில் கொடுப்பார்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடையின் விளக்கை அணைக்கச் சொல்லி, இருட்டில் கோ பொத்தானை அவர் விரல் தடவிக் கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள். கோவுக்கு ஒட்டினாற்போலவே எல்லா விளக்கையும் அணைக்கும் பிளாக்அவுட் பொத்தான் இருந்தால், வேறு மாடல் காட்டச் சொல்லுங்கள்.